வரி ஓய்வுத் திட்டம்

மனித குலம் இதுவரை கண்டறிந்த வரிச் சேமிப்பு முறைகளில் தலைசிறந்தது, முழுக்க முழுக்கச் சட்டபூர்வமானது, எந்த ஆடிட்டரின் தயவும் தேவைப்படாதது ஒன்றே ஒன்றுதான். வேலையில்லாமல் இருப்பது.

காப்பீடு, சேமிப்புப் பத்திரம், வீட்டுக் கடன் என்று மற்ற முறைகளெல்லாம் கையிலிருக்கும் பணத்தைக் கேட்பவை. இது கேட்காது. கையில் பணம் இல்லாமலிருப்பதுதான் இதற்கு உரிய ஒரே தகுதி. இப்பேர்ப்பட்ட உன்னத முறையை எட்டு மாத காலம் தன் உடல், பொருள், மனைவியின் வளையல் மூன்றையும் அர்ப்பணித்துப் பரிசோதித்தவர் நம்மவர்.

பரிசோதனையை அவராக ஆரம்பிக்கவில்லை. அவர் வேலை பார்த்தது கால்குலேட்டர் விற்கும் கம்பெனியில். ஊரில் எல்லோர் கையிலும் போன் வந்தது. போனுக்குள்ளேயே கூட்டல் கழித்தல் வந்தது. கம்பெனி தன் சரக்கை எடுத்துத் தன் கணக்கையே ஒருமுறை போட்டுப் பார்த்தது. மறுவாரம் பூட்டுத் தொங்கியது.

எட்டு மாதம் கழித்துத்தான் அவருக்கு அடுத்த வேலை கிடைத்தது. லிஃப்டுகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றின் அவசர அழைப்புப் பிரிவு. நான்காவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, வரிசையாக நாற்காலிகள், நாற்காலிக்கு ஒரு ஹெட்போன். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் வேறு கம்பெனியைச் சேர்ந்தது. அதனால் அது நன்றாக ஓடியது.

வேலை இதுதான். ஊரில் எந்த லிஃப்டாவது நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். மணி இங்கே அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும் வரை அவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

"பயப்படாதீங்கம்மா. ஃபேன் ஓடுதா? ஓடுதுல்ல, அப்ப ஒண்ணும் ஆகாது. கதவைத் தள்ளாதீங்க. மெக்கானிக் வழியிலதான் இருக்காரு."

மெக்கானிக் எப்போதும் வழியில்தான் இருப்பார். கிளம்பியிருக்கிறாரா என்பது வேறு விஷயம்.

நம்மவருக்கு வேலை கனகச்சிதமாகப் பொருந்தியது. மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் நிற்கிறவரிடம் என்ன பேசுவது என்று எட்டு மாதமாகக் கண்ணாடி முன்னால் பேசிப் பழகியிருந்தார்.

ஒரே ஒரு சிக்கல். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்து, பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரம். வீட்டுக்காரர் வேறு, நிரந்தர ஆணையைக் கண்ணால் பார்த்தால்தான் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பேன் என்று சொல்லிவிட்டார். மனிதர் வேலையில்லாத குடித்தனக்காரரை எட்டு மாதம் பார்த்துவிட்டவர். இன்னொரு முறை பார்க்க அவருக்கு ஆசை இல்லை.

மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பவர். வலியோடு வருகிறவர்களைக் காத்திருக்க வைப்பதில் தேர்ந்தவர். முதல் நாள் காலையிலேயே கணவருக்குப் பாடம் எடுத்து அனுப்பினார்.

"ஆறு மாசம். அதுவரைக்கும் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுங்க. ரெண்டும் ரெண்டும் அஞ்சுன்னு உங்க மேலதிகாரி சொன்னா, ஆமா சார், போன வாரம்தான் ஏறுச்சுன்னு சொல்லுங்க."

"நான் என்ன, எதிர்த்துப் பேசுறவனா?"

"இதோ இப்பப் பேசுறீங்களே."

அவர் தலையாட்டினார்.

சம்பள நாள் வந்தது. அந்தப் பிரிவில் சம்பள நாளன்று மாலை ஒரு 'நினைவஞ்சலி' நடப்பது வழக்கம். டீ வந்ததும் எல்லோரும் சம்பளச் சீட்டை விரித்து வைத்துக்கொள்வார்கள். கையில் வந்தது எவ்வளவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வரியாகப் போனது எவ்வளவு என்பதையே சொல்வார்கள். அதையும் வெறும் தொகையாகச் சொன்னால் துக்கம் தொண்டையில் ஏறுவதில்லை என்பதால், அந்தப் பணத்தில் என்ன பொருள் வாங்கியிருக்கலாமோ அந்தப் பொருளின் பெயரால் சொல்வார்கள்.

"எனக்கு ஒரு கிரைண்டர் போச்சு" என்றார் கடைசி நாற்காலிக்காரர்.

"அநியாயம்" என்றது அவை.

"எனக்கு ஒரு கட்டில். மெத்தையோட."

"அநியாயம்."

அடுத்தவர் பெயர் டபுள் டூட்டி. ஓவர்டைம் என்றால் மனைவி பிரசவ அறையில் இருந்தாலும் வந்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர். "ஓவர்டைம் பார்த்த மாசம் ஒரு ஃபிரிட்ஜ் போகுது. பார்க்காத மாசம் பாதி ஃபிரிட்ஜ். அப்ப நான் உழைக்கிறதே அவங்களுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுக்கத்தானா?" என்று கண்கலங்கினார்.

கடைசியில் பிரிவுத் தலைவர். அவருக்கு மாதா மாதம் ஒரு வாஷிங் மெஷின் போய்க்கொண்டிருந்தது. இருபது வருடத்தில் போன வாஷிங் மெஷின்களை வரிசையாக அடுக்கினால் தெருக்கோடி வரை போகும் என்பது அவர் துக்கம். அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். சக ஊழியர்கள் அவர் தோளைத் தொட்டு ஆறுதல் சொல்வார்கள்.

"சரி, புது ஆள் சொல்லுங்க. உங்களுக்கு என்ன போச்சு?"

நம்மவர் சீட்டைப் பார்த்தார். "ஒண்ணும் போகல சார்."

"ஒண்ணும் போகலையா? ஒரு டேபிள் ஃபேன் கூடவா?"

"வரின்னு இருக்கிற இடத்துல பூஜ்யம் போட்டிருக்கு சார்."

எழவு வீட்டில் யாரோ சிரித்துவிட்டது போல ஓர் அமைதி. டபுள் டூட்டி எட்டிச் சீட்டைப் பிடுங்கினார். படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். ஒரே ஒரு மாதம் வேலை பார்த்தவரின் கைக்கு வந்த தொகை, ஒன்பது வருடம் இரட்டைப் பணி பார்த்தவரின் தொகையைக் காட்டிலும் அதிகம்.

"முதலாளிக்குச் சொந்தமா நீங்க?"

"இல்லைங்க."

"வரி ஆபீஸ்லருந்து வேவு பார்க்க அனுப்பினாங்களா? உண்மையைச் சொல்லிடுங்க, நாங்க பேசினதெல்லாம் சும்மா தமாஷுக்கு."

பிரிவுத் தலைவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் பிரிவே எழுந்தது. ஊர்வலமாகச் சம்பளக் கணக்குப் பிரிவுக்குப் போனார்கள். அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவரை எல்லோரும் 'அக்கா' என்பார்கள். முதலாளி உட்பட.

"இதுல என்ன சார் ரகசியம்?" என்றார் அக்கா. "வருஷத்துக்கு இவ்வளவு சம்பளம் வரைக்கும் வரி கிடையாதுன்னு அரசாங்கம் விட்டு வெச்சிருக்கு. அதைப் பன்னெண்டாப் பிரிச்சு மாசா மாசம் உங்களுக்குக் கழிக்கிறேன். இவருக்கு வருஷ ஆரம்பத்துலருந்து எட்டு மாசம் வேலை இல்ல. அந்த எட்டு மாசப் பங்கும் தொடாமக் கிடக்கு. இப்ப மொத்தமா அதைக் கழிக்கிறேன். வருஷம் முடியற வரைக்கும் இவருக்கு வரி வராது. புது வருஷம் பொறந்தா உங்களை மாதிரிதான்."

"அதாவது, சும்மா இருந்ததுக்குச் சலுகை" என்றார் பிரிவுத் தலைவர்.

"அப்படிச் சொல்லக் கூடாது சார். எட்டு மாசம் சம்பளமே வாங்கலையே அவரு."

"அதை விடுங்க. வரி இல்லைல்ல?"

"வரி இல்ல. ஆனா..."

"நான் இருபது வருஷமா மாடு மாதிரி உழைக்கிறேன். எனக்கு இந்தச் சலுகையைப் பத்தி ஒருத்தர் வாயைத் திறந்து சொன்னது உண்டா?"

டபுள் டூட்டி மெதுவாக இடைமறித்தார். "சார், நீங்க மத்தியானத்துக்கு மேல ஆபீஸ்ல சும்மாதானே இருக்கீங்க. அதைச் சேர்த்தா ஒரு பத்து வருஷம் தேறுமே."

பிரிவுத் தலைவர் கோபப்படவில்லை. கண்ணில் ஒரு நம்பிக்கை மின்னியது. "அது கணக்குல வராதாக்கா?"

"வராது சார். வெளியில போய்ச் சும்மா இருக்கணும்."

அன்று முதல் நம்மவருக்குப் 'பூஜ்யம்' என்று பெயர் வந்தது. முதல் வாரம் வெறும் பூஜ்யம். இரண்டாம் வாரம் பூஜ்யம் சார். அவர் குடித்த டீக்குப் பிறர் பணம் கொடுத்தார்கள். வரி கட்டாத ஒரு மனிதர் எப்படி உட்காருகிறார், எப்படிப் பேனா பிடிக்கிறார் என்று பக்கத்து நாற்காலிகள் கூர்ந்து கவனித்தன. மூன்றாம் வாரம் பிரிவுத் தலைவர் அவரைத் தனியாக அழைத்து, வெள்ளிக்கிழமை பயிற்சிக் கூடத்தில் 'வரியில்லாப் பெருவாழ்வு' என்ற தலைப்பில் உரையாற்றும்படி பணித்தார்.

"சார், அதுல பேச ஒண்ணும் இல்லையே. எனக்கு வருமானம் இல்ல, அதனால..."

"வருமானம் இல்லன்னு ஏன் சொல்றீங்க? வரி இல்லன்னு சொல்லிப் பழகுங்க. எதையும் நல்லவிதமாப் பார்க்கணும்."

இரவு மனைவியிடம் புலம்பினார். மனைவி சட்டை மடித்துக்கொண்டே யோசித்தார்.

"கையெழுத்துப் போடப்போறவரு அவருதானே?"

"அவரேதான்."

"அப்பப் பேசுங்க. பொய் எதுவும் சொல்ல வேணாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. ஆனா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொல்லாதீங்க. சிரிச்ச முகமாச் சொல்லுங்க."

நம்மவர் அப்படியே செய்தார். உலக வரலாற்றில் பல பேரழிவுகள் சிரித்த முகத்தோடு சொல்லப்பட்ட உண்மைகளால் நேர்ந்தவை.

பயிற்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் மனிதவள அதிகாரி. எல்லோருக்கும் 'மேடம்'. சிரிப்பை எதற்காகவும் வீணாக்காதவர். மடியில் மடிக்கணினி.

"மொத மாசம் வெளியில சாப்பிடுறதை நிறுத்தினோம்" என்று பல் தெரியச் சிரித்தபடி ஆரம்பித்தார் நம்மவர். "ரெண்டாவது மாசம் பாலைப் பாதியாக் குறைச்சோம்."

"உடம்புக்கும் நல்லது" என்றார் பிரிவுத் தலைவர், எல்லோருக்கும் கேட்கும்படி.

"மூணாவது மாசத்துலருந்து வீட்டுக்காரர் தினமும் வந்து விசாரிச்சாரு."

"வேலைக்குப் போறப்ப எந்த வீட்டுக்காரர் வந்து விசாரிக்கிறாரு?" என்று டபுள் டூட்டி உருகினார்.

"அஞ்சாவது மாசம் என் சம்சாரத்தோட வளையலை அடகு வெச்சோம்."

ஒரு கை உயர்ந்தது. "அடகுப் பணத்துக்கு வரி உண்டா?"

"இல்லைங்க. வட்டிதான்."

"அடகுக்கு வரி கிடையாது. குறிச்சுக்கங்க" என்றார் பிரிவுத் தலைவர். பேனாக்கள் ஓடின.

"ஏழாவது மாசம் மச்சான் போனை எடுக்கிறதை நிறுத்திட்டாரு. எட்டாவது மாசம் நான் போன் பண்றதை நிறுத்திட்டேன்."

கூடம் எழுந்து நின்று கை தட்டியது. நம்மவருக்குச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. மனைவியின் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்குமோ என்று நினைத்தார். மேடம் மட்டும் கை தட்டவில்லை. அவருடைய இரண்டு கைகளும் மடிக்கணினியில் வேகமாக எதையோ கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் நம்மவர் மனசு கேட்காமல் பிரிவுத் தலைவரின் மேஜைக்குப் போனார்.

"சார், நேத்துச் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டேன். நெஜமா அது ரொம்பக் கஷ்டம் சார். ராத்திரி தூக்கம் வராது."

பிரிவுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பூஜ்யம் சார், ஒரு விஷயம். தனக்குக் கிடைச்சது அடுத்தவனுக்குக் கிடைச்சுடக் கூடாதுன்னு நினைக்கிறது நல்ல குணம் இல்ல. உங்க நிரந்தர ஆணை ஒரு நாள் என் மேஜைக்கு வரும். அதுல 'குணம்'னு ஒரு கட்டம் இருக்கு."

நம்மவர் தலையாட்டினார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆண்டு முடிய ஒரு மாதம் இருக்கையில் சுற்றறிக்கை வந்தது.

'பொருள்: ஊழியர் நல வரி ஓய்வுத் திட்டம். நம் ஊழியர்கள் மாதந்தோறும் அனுபவிக்கும் வரித் துயரத்தை நிர்வாகம் கனத்த இதயத்துடன் கவனித்து வருகிறது. மேற்படி துயரத்தை அடியோடு களையும் பொருட்டு, புது ஆண்டின் முதல் நாள் முதல் எட்டு மாத காலத்துக்கு ஊழியர்கள் தங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகி, முழு வரிச் சலுகையையும் ஈட்டிக்கொள்ள நிர்வாகம் பெருந்தன்மையுடன் அனுமதிக்கிறது.'

கீழே, கண்ணை உறுத்தாத சிறிய எழுத்தில், கடைசியாக இன்னொரு வரி இருந்தது. 'திரும்பி வருவோர், காலியிடம் இருப்பின் பரிசீலிக்கப்படுவர்.' அதை யாரும் படிக்கவில்லை. வரி என்றாலே அவர்களுக்கு ஆகாது.

முதலில் யார் போவது என்பதில் அடிதடி நடந்தது. சீனியாரிட்டி என்றார் பிரிவுத் தலைவர். இழந்த ஃபிரிட்ஜ்களின் எண்ணிக்கை என்றார் டபுள் டூட்டி. ஒருவர் தன் சித்தப்பாவின் சிபாரிசோடு வந்தார். கடைசியில் மேடம் தலையிட்டு, நிர்வாகத்துக்கு எல்லா ஊழியரும் ஒன்றே என்று அறிவித்து, எல்லோரையும் ஒரே நாளில் அனுப்ப ஒப்புக்கொண்டார். அவருக்கு நன்றி சொல்லும்போது சிலருக்குக் குரல் உடைந்தது.

"இவரும் வரணும்" என்று டபுள் டூட்டி நம்மவரைக் காட்டினார்.

"அவர் ஏற்கெனவே ஒரு தடவை அனுபவிச்சாச்சு" என்றார் மேடம். "மத்தவங்களுக்கு வழி விடட்டும்."

புது ஆண்டின் முதல் நாள் காலை, ஜன்னல் இல்லாத அறையில் நம்மவர் மட்டும் இருந்தார். எல்லா ஹெட்போன்களும் அவருடையவை.

ஒரே நேரத்தில் மூன்று மணி அடித்தது. வணிக வளாகத்தில் ஒருவர், அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர், நூலகத்தில் ஒருவர். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நம்மவர் தவித்தார். பிறகு மூன்று இணைப்புகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்.

"யாருங்க பேசுறது?" என்றது வணிக வளாகம்.

"நானும் மாட்டிக்கிட்டவன்தான். உங்க லிஃப்ட்ல ஃபேன் ஓடுதா?" என்றது குடியிருப்பு.

"ஓடுது. உங்களுது?"

"இல்ல. எனக்கு லைட் மட்டும்."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, இது நூலகம்" என்றது மூன்றாவது குரல்.

மெக்கானிக் போய்ச் சேர்வதற்குள் மூவரும் சொந்தக் கதை வரை வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தபோது, கொஞ்சம் இருங்கள், பேசி முடித்துவிட்டு வருகிறேன் என்றாராம் குடியிருப்புக்காரர். விஷயம் மேடத்தின் காதுக்குப் போனது. அவர் நேரில் வந்து அறையின் வாசலில் நின்று, காலி நாற்காலிகளையும் நம்மவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று சாயந்தரமே மற்ற நாற்காலிகளைக் கிடங்குக்குத் தூக்கிச் சென்றார்கள்.

அந்த மாதச் சம்பளச் சீட்டில் நம்மவருக்கு முதன்முறையாக வரி பிடித்திருந்தார்கள். ஒரு மிக்ஸி போயிருந்தது. வீட்டுக்கு வந்து சீட்டை மனைவியிடம் நீட்டினார். மனைவி வரி என்ற இடத்தில் விரலை வைத்து இரண்டு முறை படித்தார்.

"ஏங்க, பிடிச்சுட்டாங்களா?"

"பிடிச்சுட்டாங்க."

"நம்மகிட்டக்கூடப் பிடிக்கிறதுக்கு இருக்குன்னு அர்த்தம்."

அன்று மனைவி முழுப் பாலில் டீ போட்டார். எல்லா நினைவஞ்சலிகளிலும் கலந்துகொண்ட ஒரு மனிதர், இழந்த மிக்ஸிக்காக மனம் நிறைந்து டீ குடித்தது அந்த வட்டாரத்தில் அதுவே முதல் முறையாக இருக்கும்.

ஆறாம் மாதம் முடிந்தது. நம்மவர் மேடத்தின் அறைக்குப் போனார்.

"ஆணை தயாரா இருக்கு" என்றார் மேடம். "பிரிவுத் தலைவர் கையெழுத்துதான் பாக்கி. முன்கூட்டியே போட்டு வெச்சுட்டுப் போகச் சொன்னேன், கிளம்புற அவசரத்துல விட்டுட்டாரு."

"வேற யாராவது போடலாமா மேடம்?"

"உங்களை மேற்பார்வை பார்த்தவர்தான் போடணும். விதி."

"அவரு எப்ப வருவாரு?"

"அவர் ஓய்வுல இருக்காரு. தொந்தரவு பண்ணக் கூடாது."

எனவே ஊரின் எல்லா லிஃப்டுகளையும் தாங்கிய மனிதர், தகுதி உள்ளவரா என்பது மட்டும் தெரியாதவராகவே தொடர்ந்தார். வீட்டுக்காரர் ஒவ்வொரு மாதமும் 'இந்த ஒரு மாசம்தான்' என்று சொல்லிப் போனார். மனைவி பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு ஏற்றி வைத்தார். மறுபடி இறக்கினார்.

ஓய்விலிருந்தவர்களிடமிருந்து முதலில் உற்சாகமான செய்திகள் வந்தன. முதல் மாதம் பிரிவுத் தலைவர் போன் பண்ணினார். "பூஜ்யம் சார், ஒரு வாஷிங் மெஷின் மிச்சம்." இரண்டாம் மாதம், "ரெண்டு." மூன்றாம் மாதம் எண்ணிக்கை சொல்லவில்லை. உங்கள் மச்சான் எத்தனை மாதம் போனை எடுத்தார் என்று மட்டும் கேட்டார். நான்காம் மாதம், வீட்டிலிருந்த நிஜ வாஷிங் மெஷினை விற்றார். மிச்சமானதையும் விற்றதையும் தனித்தனியாக எழுதிப் பார்த்ததில், ஒன்று காகிதத்தில் இருக்கிறது, மற்றது வீட்டில் இல்லை என்பது தெரியவந்தது. டபுள் டூட்டி ஐந்தாம் மாதம் இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரு வேளையாக்கிக்கொண்டார். சிங்கிள் டூட்டி.

ஆனாலும் ஒருவர் கூடக் கலங்கவில்லை. எட்டு மாதம் முடிந்து திரும்பியதும் வரியில்லாச் சம்பளம் காத்திருக்கிறதே. அந்த நம்பிக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். அந்த எட்டு மாதத்தில் அவர்களிடமிருந்து அரசாங்கத்தால் ஒரு காசு வரி வாங்க முடியவில்லை என்பது பதிவு செய்யப்பட வேண்டிய சாதனை. கம்பெனியும் தன் பங்குக்கு அந்த எட்டு மாதமும் ஒரு காசு சம்பளம் தராமல் அவர்களுடைய விரதத்தைக் காப்பாற்றியது.

ஒன்பதாம் மாதம் முதல் நாள். கதவைத் தள்ளிக்கொண்டு பிரிவுத் தலைவர் உள்ளே வந்தார். சட்டை தோளில் தொங்கியது. பின்னால் டபுள் டூட்டி, அவருக்குப் பின்னால் மற்றவர்கள். உட்கார நாற்காலி தேடினார்கள். நம்மவர் எழுந்து தன் நாற்காலியைப் பிரிவுத் தலைவருக்குக் கொடுத்தார். மேடம் கோப்போடு வந்து சேர்ந்தார்.

"வந்துட்டோம்" என்றார் பிரிவுத் தலைவர். "எட்டு மாசச் சலுகை சேர்ந்து கிடக்கு. அக்காகிட்டச் சொல்லிப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க."

"சலுகை பத்திரமா இருக்கு சார்" என்றார் மேடம். "ஒரு காசு குறையல. கழிக்கிறதுக்குச் சம்பளம்தான் இல்ல."

"புரியலையே."

"காலியிடம் இல்ல சார். இந்தப் பிரிவுக்கு ஒரே ஆள் போதும்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க போனதாலதான் அது தெரிஞ்சுது. நிர்வாகம் உங்களுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கு."

அழைப்பு மணி அடித்தது. எங்கோ யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். நம்மவர் எடுத்து, வழியிலதான் இருக்காரு, லைன்லயே இருங்க என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

டபுள் டூட்டி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிரிவுத் தலைவர் நம்மவர் பக்கம் திரும்பினார்.

"இப்படி இருக்கும்னு ஏன்யா சொல்லல?"

"சொன்னேன் சார். நீங்க கை தட்டினீங்க."

"சிரிச்சுக்கிட்டே சொன்னா யாருக்குப் புரியும்? அழுது சொல்லியிருக்கக் கூடாதா? சட்டையைப் பிடிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"மறுநாளும் வந்தேன் சார். கையெழுத்து உங்ககிட்ட இருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன்."

பிரிவுத் தலைவர் மேஜையில் கிடந்த ஹெட்போனைப் பார்த்தார். நம்மவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேடம்தான் அந்த அமைதியைப் பயனுள்ளதாக்கினார். கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி மேஜையில் வைத்தார்.

"நல்லவேளை, வந்ததும் வந்தீங்க. இவரோட நிரந்தர ஆணைல உங்க கையெழுத்து நிக்குது. நீங்க இங்க இருந்த கடைசி நாள் தேதியைப் போட்டாப் போதும்."

பிரிவுத் தலைவர் தாளைப் பார்த்தார். 'குணம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. நம்மவரும் அந்தக் கட்டத்தையே பார்த்தார். இறக்கி வைத்த பெட்டிகளோடு மனைவியும், வாசலில் வீட்டுக்காரரும் அந்தக் கட்டத்துக்குள்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அதை வேறு யார் அறியாவிட்டாலும், எட்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வந்த மனிதர் அறிவார்.

அவர் தன் பையில் பேனா தேடினார். இல்லை. நம்மவருடைய பேனாவை வாங்கினார். கட்டத்தில் 'நன்று' என்று எழுதினார். கீழே தெளிவாகக் கையெழுத்துப் போட்டு, பழைய தேதியை இட்டு, மை காய்வதற்கு ஊதினார்.

எட்டு மாதத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை அது. அதற்குச் சம்பளம் கிடையாது. ஆகவே, நம் திட்டத்தின்படி, வரியும் கிடையாது.